வலைக் காப்பகத் தேடலின் வரலாறு: முகவரி வழிக் காட்சி முதல் மேகச் செயற்கூறுகள் வரை

1. முன்னுரை

ஓலையில் எழுதப்பட்டவற்றுள் படியெடுக்கப்பட்டவை எஞ்சின. அச்சில் வந்தவற்றுள் நூலகம் சேர்ந்தவை எஞ்சின. இணையத்தில் எழுதப்பட்டவற்றுள் எவை எஞ்சும் என்னும் வினாவிற்கு விடைகாணும் முயற்சி 1996ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டிலிருந்து உலகின் பல நாடுகளில் வலைக் காப்பகங்கள் தோன்றின. அவை இன்று கோடிக்கணக்கான பக்கங்களைத் தம்மகத்தே கொண்டுள்ளன. ஆயினும், சேர்த்து வைத்தல் வேறு. சேர்த்து வைத்தவற்றுள் வேண்டியதைத் தேடி எடுத்தல் வேறு. பட்டியல் இல்லாத நூலகத்தில் நூல் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

வலைக் காப்பகங்களைத் தேடும் முறை கடந்த முப்பது ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வளர்ச்சியின் அண்மைக் கட்டமான 'சர்வர்லெஸ்' எனப்படும் வழங்கியற்ற மேகச் செயற்கூறுகள், பெருநிறுவனங்களுக்கு மட்டுமே இயன்ற பணியைத் தனி ஆய்வாளரின் கைக்கெட்டும்படி எவ்வாறு செய்தன என்பதை விளக்குவது இரண்டாம் நோக்கம். இவ்வாய்ப்பு வந்த பின்னரும் தொடக்க காலத் தமிழ் இணையப் பக்கங்கள் தேடலில் அகப்படாமல் இருப்பதன் காரணத்தைக் காட்டி, அதன் பொருட்டுத் தமிழ்த் துறையினர் ஆற்றவேண்டிய பணியைச் சுட்டுவது மூன்றாம் நோக்கம். கணினியியல் கற்றவர்க்கன்றித் தமிழாசிரியர்க்கும் வரலாற்று ஆய்வாளர்க்கும் பயன்படவேண்டும் என்னும் கருத்தில் இக்கட்டுரை அமைகிறது.

2. காப்பகங்களின் தோற்றம்

1996ஆம் ஆண்டில் புரூஸ்டர் கேல் என்னும் அமெரிக்கர் சான் பிரான்சிஸ்கோவில் இணைய ஆவணக் காப்பகத்தை நிறுவினார். அவரே தொடங்கிய அலெக்சா இன்டர்நெட் என்னும் நிறுவனம் வலைப்பக்கங்களைத் தானியங்கு நிரலால் திரட்டி, அத்திரட்டுகளை இக்காப்பகத்திற்கு வழங்கி வந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பண்டோரா என்னும் திட்டத்தையும், சுவீடன் நாட்டின் அரச நூலகம் தன் நாட்டு வலைப்பக்கங்களைத் திரட்டும் திட்டத்தையும் தொடங்கின. பண்டோரா தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் சேர்த்தது. சுவீடன் திட்டம் நாட்டின் வலைப்பரப்பு முழுவதையும் அள்ள முயன்றது. தெரிந்தெடுத்துச் சேர்த்தல், வாரி எடுத்துச் சேர்த்தல் என்னும் இவ்விரு நெறிகளும் இன்றளவும் காப்பகங்களில் நிலவுகின்றன.

2003ஆம் ஆண்டில் பன்னாட்டு இணையப் பாதுகாப்புக் கூட்டமைப்பு உருவாகியது. காப்பகங்கள் பொதுவான கருவிகளையும் கோப்பு வடிவங்களையும் கைக்கொள்வதற்கு அது வழிவகுத்தது. 2009ஆம் ஆண்டில் 'வார்க்' என்னும் கோப்பு வடிவம் ஐ.எஸ்.ஓ. 28500 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இத்தரம் பின்னாளைய தேடல் முறைகளுக்கு அடித்தளமாக அமைந்தமையின் அது குறித்துத் தனியே காண்போம்.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியச் சட்டம் 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. திருத்தம் 2019 ஜனவரி 31ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அன்று முதல், நாட்டின் இணையக் குறியான '.எஸ்ஜி' என்பதில் முடியும் தளங்களை உரிமையாளரிடம் எழுத்துவழி ஒப்புதல் பெறாமலே நூலக வாரியம் திரட்டிக் காக்க முடிகிறது. ஆனால் தமிழ் எழுத்தாளர்களும் அமைப்புகளும் 1990களிலும் 2000களிலும் தொடங்கிய தளங்கள் பல, '.காம்' முகவரிகளிலும் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களிலும் இருந்தன. சட்டத்தின் எல்லைக்குள் அவை வாரா. அன்றியும் சட்டம் வருமுன்னரே அவற்றுட் பல மறைந்துவிட்டன.

3. முகவரி அறிந்தார்க்கே திறந்த கதவு

இணைய ஆவணக் காப்பகம் ஐந்தாண்டுக் காலம் திரட்டியவற்றைப் பொதுமக்கள் காணும் வகையில் 'வேபேக் மெஷின்' என்னும் காலப்பொறி 2001 அக்டோபர் 24ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அது எந்தெந்த நாளில் எவ்வாறு தோன்றியது என்பதை இப்பொறி காட்டும். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் இக்காப்பகம் சேர்த்த பக்கங்களின் எண்ணிக்கை ஒரு டிரில்லியனை, அதாவது ஓர் இலட்சம் கோடியை எட்டியது.

எனினும் இப்பொறியின் அடிப்படை முகவரியே. காப்பகத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பதிவிற்கும் முகவரி, திரட்டிய நாள், கோப்பின் பெயர், கோப்பினுள் அப்பதிவு தொடங்கும் இடம் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். அவ்வட்டவணை முகவரி வரிசையில் அடுக்கப்பட்டது. ஆகவே இன்ன முகவரியில் என்ன இருந்தது என்னும் வினாவிற்கு விடை உடனே கிடைக்கும். இன்ன சொல் எந்த முகவரிகளில் இருந்தது என்னும் வினாவிற்கு விடை கிடையாது. 2016ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட சொல்வழித் தேடலும் தளங்களின் முகப்புப் பக்கங்களைக் கண்டறிவதற்கே உதவுவது.

இந்நிலை வரலாற்று ஆய்வாளருக்குப் பெருந்தடை ஆகும். 1998இல் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி பற்றி எழுதப்பட்ட பக்கங்களைத் தேடுபவர்க்கு அவற்றின் முகவரி தெரிந்திருக்க நியாயமில்லை. முகவரி தெரிந்திருப்பின் தேடலே வேண்டியதில்லை. போர்ச்சுகல் நாட்டின் வலைக் காப்பகம் போன்ற சில, முழுவுரைத் தேடலை வழங்குகின்றன. ஆனால் காப்பகம் பெருகப் பெருக, எல்லாச் சொற்களுக்கும் அட்டவணை அமைப்பதும் அதனைப் பேணுவதும் பெருஞ்செலவாகும். சொல்லடைவு இல்லாத காப்பகத்தை எவ்வாறு தேடுவது? விடை எளிது: எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடவேண்டும். அவ்வளவு படிப்பதற்கு வேண்டிய கணினிகள் யாரிடம் உள்ளன என்பதே அடுத்த வினா.

4. கூட்டுக் கணிப்பின் வளர்ச்சி

அவ்வினாவிற்கு முதல் விடை தேடுபொறி நிறுவனங்களிடமிருந்து வந்தது. கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் 2004ஆம் ஆண்டில் 'மேப்ரெடியூஸ்' என்னும் முறையை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். பெருந்தரவைப் பல துண்டுகளாகப் பகுத்தல், ஒவ்வொரு துண்டையும் ஒரு கணினி தனித்துப் படித்தல், கிடைத்த சிறு விடைகளை இறுதியில் தொகுத்தல் என்னும் மூன்று படிகள் அதன் சாரம்.

இக்காலத்தில் டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகியோர் 'நட்ச்' என்னும் திறந்தமூலத் தேடுபொறியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். மேப்ரெடியூஸ் கட்டுரையின் கருத்துகளை அவர்கள் நட்ச்சில் செயற்படுத்தினர். அப்பகுதி பிரிந்து 2006இல் 'ஹடூப்' என்னும் தனி மென்பொருளாயிற்று. நட்ச் மென்பொருளை வலைக் காப்பகக் கோப்புகளுக்கு ஏற்ப மாற்றி முழுவுரைத் தேடலுக்குப் பயன்படுத்தும் முயற்சியும் அந்த ஆண்டுகளில் நடைபெற்றது. இன்று வணிக உலகில் பெரும்புகழ் பெற்ற ஹடூப், வலையைத் தேடும் தேவையிலிருந்தே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் எஸ்3 என்னும் சேமிப்பகத்தையும் ஈசி2 என்னும் வாடகைக் கணினிச் சேவையையும் தொடங்கியது. மறு ஆண்டே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதன் பயனை உலகிற்குக் காட்டியது. ஏறத்தாழ நான்கு டெராபைட்டு அளவிலான பழைய இதழ்ப் படிமங்களை நூறு வாடகைக் கணினிகளையும் ஹடூப்பையும் கொண்டு ஒரு நாளுக்குள் வாசகர் படிக்கும் கோப்புகளாக அது மாற்றியது. கணினிகளை வாங்கவும் வேண்டியதில்லை. பணி முடிந்தபின் வைத்துக் காக்கவும் வேண்டியதில்லை.

2007ஆம் ஆண்டில் கில் எல்பாஸ் என்பவர் 'காமன் கிரால்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினார். வலையைத் திரட்டி, அத்திரட்டை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வழங்குவது அதன் குறிக்கோள். அதன் திரட்டு 2012ஆம் ஆண்டு முதல் அமேசானின் பொதுத் தரவுத்தொகுப்புகளுள் ஒன்றாக, அமெரிக்காவின் வட வர்ஜீனியா வட்டாரச் சேமிப்பகத்தில் இடம்பெற்று வருகிறது. அமைப்பு ஆண்டில் பலமுறை வலையைத் திரட்டுகிறது. ஒரு திரட்டில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட பக்கங்கள் அடங்குகின்றன. திரட்டு வாடகைக் கணினிகளின் அருகிலேயே இருப்பதால், பல்கலைக்கழக ஆய்வாளர் எவரும் முழுத் திரட்டையும் படிக்கும் வழி கோட்பாட்டளவில் திறந்தது.

நடைமுறையில் இடர் நீங்கவில்லை. நூறு கணினிகளை இயக்கி, மென்பொருளை நிறுவி, ஒன்று பழுதானால் வேறொன்றை அமர்த்தி, பணி முடிந்ததும் மறவாமல் அனைத்தையும் நிறுத்தவேண்டும். நிறுத்த மறந்தால் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். மொழித்துறை ஆய்வாளர் ஒருவர் இதற்கெனக் கணினிப் பொறியாளரை நாடவேண்டிய நிலையே இருந்தது.

5. வழங்கியற்ற செயற்கூறு

2014ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் நிறுவனம் 'லாம்டா' என்னும் சேவையை அறிவித்தது. 2016இல் கூகுளும் மைக்ரோசாஃப்டும் இதையொத்த சேவைகளை வெளியிட்டன. இச்சேவையில் பயனர் கணினியை வாடகைக்கு எடுப்பதில்லை. தாம் எழுதிய சிறு நிரலை, அதாவது செயற்கூற்றை, மட்டுமே ஒப்படைக்கிறார். அழைப்பு வரும்போது அச்செயற்கூறு விழித்தெழுந்து, பணியை முடித்து, ஓய்ந்துவிடும். அது இயங்கிய நொடிகளுக்கு மட்டுமே கட்டணம். வழங்கிகள் இல்லாமற் போவதில்லை. அவற்றைப் பேணும் சுமை பயனரிடமிருந்து நீங்குகிறது. 'வழங்கியற்ற' என்னும் பெயரை இப்பொருளிலேயே கொள்ளவேண்டும்.

அழைப்பு வந்தபோது மட்டும் நிரல் எழும் முறை முற்றிலும் புதியதன்று. 1993ஆம் ஆண்டிலிருந்தே வலைவழங்கிகள் 'சிஜிஐ' என்னும் முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நிரலை எழுப்பி வந்தன. ஒரே நேரத்தில் ஆயிரம் செயற்கூறுகள் எழ முடிந்ததே புதுமை. 2017ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 'பைரென்' என்னும் கருவியை வெளியிட்டனர். கணினிக் கூட்டங்களை மேலாண்மை செய்யத் தெரியாத அறிவியலாளரும் தம் சிறு நிரலை ஆயிரம் படிகளாக ஓட்டமுடியும் என்பதை அக்கருவி மெய்ப்பித்தது.

வலைக் காப்பகத் தேடலுக்கு இச்சேவை பொருந்தியதற்குக் கால வரம்பின் தளர்ச்சியும் ஒரு காரணம். லாம்டா தொடங்கியபோது ஒரு செயற்கூறு ஒரு நிமிடமே இயங்கலாம். ஒரு கிகாபைட்டுக் கோப்பை விரித்துப் படிப்பதற்கு அது போதாது. 2015இல் அவ்வரம்பு ஐந்து நிமிடமாகவும் 2018இல் பதினைந்து நிமிடமாகவும் உயர்த்தப்பட்டது. 2018க்குப் பின்னர் ஒரு கோப்பிற்கு ஒரு செயற்கூறு என்னும் எளிய பங்கீடு இயல்வதாயிற்று.

6. ஒரு தேடலின் போக்கும் செலவும்

இத்தேடல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை உணர, வார்க் கோப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒரு வார்க் கோப்பில் பல்லாயிரம் பக்கங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கோப்பு முழுவதையும் ஒரே பொதியாகச் சுருக்காமல், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே சுருக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துள்ளனர். ஆகையால் ஒரு பதிவின் தொடக்கமும் நீளமும் தெரிந்தால், கோப்பின் அப்பகுதியை மட்டும் வரவழைத்து விரிக்கலாம். ஏட்டுக் கட்டிலிருந்து வேண்டிய ஏட்டை மட்டும் உருவி எடுத்தலோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வமைப்பினால் தேடலுக்கு இரு வழிகள் உண்டாகின்றன. முதலாவது முழுப் படிப்பு. திரட்டில் உள்ள கோப்புகளின் பெயர்கள் அனைத்தும் ஒரு வரிசையில் இடப்படும். வரிசையிலிருந்து ஒரு பெயரைப் பெறும் செயற்கூறு, அக்கோப்பைச் சிறிது சிறிதாக வரவழைத்து, விரித்து, சொல்லைத் தேடி, கண்டவற்றைத் தனிக் கோப்பில் எழுதிவிட்டு ஓயும். இவ்வாறு ஆயிரம் செயற்கூறுகள் ஒரே காலத்தில் உழைக்கும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். ஒரு திரட்டில் ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு அளவுள்ள 90,000 கோப்புகள் உள்ளன என்றும், ஒரு கிகாபைட்டு நினைவகம் கொண்ட செயற்கூறு ஒரு கோப்பை 100 நொடியில் படித்து முடிக்கிறது என்றும் கொள்வோம். மொத்த உழைப்பு 90 இலட்சம் நொடிகள். ஒரே செயற்கூறு ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் 104 நாள்கள் ஆகும். வழக்கமாக ஒரு கணக்கிற்கு வட்டாரந்தோறும் அனுமதிக்கப்படும் உச்ச அளவான ஆயிரம் செயற்கூறுகள் ஒருங்கே இயங்கினால் 9,000 நொடிகளில், அதாவது இரண்டரை மணி நேரத்தில், பணி முடியும். கட்டணம் ஏறத்தாழ 60,000 கிகாபைட்டு-நொடிக்கு ஓர் அமெரிக்க டாலர் என்னும் அளவில் 150 டாலர். நூறு நாள் உழைப்பும் ஆயிரவர் உழைப்பும் ஒரே விலை என்பதே இம்முறையின் வியப்பு. நூற்றைம்பது டாலர் ஓர் ஆய்வு மாணவரின் நூல் செலவிற்குள் அடங்கும் தொகையாகும்.

இரண்டாவது வழி, அட்டவணை வழிப் படிப்பு. காமன் கிரால் அமைப்பு 2015இல் முகவரி அட்டவணையையும், 2018இல் நெடுவரிசை அமைப்பிலான அட்டவணையையும் வெளியிட்டது. பின்னதில் தளத்தின் பெயர், நாட்டுக் குறி, பக்கத்தின் மொழி முதலிய விவரங்கள் தனித்தனி நெடுவரிசைகளாக உள்ளன. சிங்கப்பூர், மலேசிய நாட்டுக் குறிகளைக் கொண்ட முகவரிகளை முதலில் பிரித்தெடுத்து, அப்பதிவுகளை மட்டும் செயற்கூறுகளால் வரவழைக்கலாம். 10,000 பக்கங்கள் கிடைக்கின்றன என்றும், சுருக்கிய நிலையில் பக்கத்திற்கு 20 கிலோபைட்டு என்றும் கொண்டால், படிக்கவேண்டியது 200 மெகாபைட்டு மட்டுமே. முழுத் திரட்டின் 90 டெராபைட்டுடன் ஒப்பிட்டால் இது கடலிற் கையளவு. செலவும் சில காசுகளில் அடங்கும்.

இம்முறையைக் கையாள்வோர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும். செயற்கூறுகள் தரவு இருக்கும் வட்டாரத்திலேயே இயங்கவேண்டும். சிங்கப்பூர் வட்டாரத்தில் இயக்கினால் ஒவ்வொரு கோப்பும் கடல் கடந்து வரவேண்டியதாகிக் காலம் நீளும். வரிசை அமைப்பு ஒரே பெயரைச் சில வேளைகளில் இருமுறை வழங்கக்கூடும். விடைக்கோப்பிற்கு மூலக்கோப்பின் பெயரையே இட்டால், மறுமுறை எழுதும்போது முன்னது மறைந்து எண்ணிக்கை இரட்டிக்காமல் இருக்கும். முழுத் தேடலைத் தொடங்குமுன் பத்துக் கோப்புகளில் சோதித்து, ஆகும் காலத்தையும் செலவையும் கணித்துக்கொள்ளவேண்டும். நிரலில் உள்ள பிழையும் ஆயிரம் மடங்காகப் பெருகும் என்பதை மறத்தலாகாது.

7. அகப்படாத தமிழ்ப் பக்கங்கள்

இனி நமக்கு மிக அணுக்கமான சிக்கலுக்கு வருவோம். 'தமிழ்' என்னும் சொல்லை ஒரு திரட்டு முழுவதிலும் தேடினால், அச்சொல் இடம்பெற்ற பக்கங்கள் யாவும் கிடைக்குமா? கிடைக்கா. காரணம், குறியேற்ற வரலாற்றில் உள்ளது.

தமிழ் இணைய வரலாற்றில் சிங்கப்பூருக்கும் மலேசியாவிற்கும் முதன்மையான இடமுண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையப்பக்கத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி ஆவார். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடுவதற்கும் அவர் முன்னின்றார். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள், தமிழர் பலர் கணினியில் எழுதத் துணைநின்றது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

இவ்வாண்டுகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்தது. உரோமன் எழுத்துகளுக்கு உரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியே பலரும் எழுதினர். இணையவழிக் கலந்துரையாடலில் டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும் அது பொது வழக்கிற்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான்.

விளைவு என்ன? இன்று வலையில் பெருவழக்கான யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறிகளாகவும், குறிக்கு மூன்று பைட்டு வீதம் பதினைந்து பைட்டுகளாகவும் அமைகிறது. டிஸ்கியில் அதே சொல் நான்கு பைட்டுகள். அவை ஒருங்குறிப் பைட்டுகளோடு எவ்வகையிலும் ஒவ்வா. மேலும், டிஸ்கியில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மெய்க்கு முன்னரே எழுதப்படும். ஒருங்குறியில் ஒலிப்பு வரிசையில் மெய்க்குப் பின்னர் வரும். எனவே, ஒருங்குறித் தமிழால் தேடும் செயற்கூறு பழைய தமிழ்ப் பக்கத்தைப் படித்தும் அறியாது கடந்துவிடும். காப்பக அட்டவணையின் மொழி நெடுவரிசையை நம்பினும் பயனில்லை. மொழியைக் கண்டறியும் நிரல் பழைய குறியேற்றப் பக்கத்தைத் தமிழென்று கொள்வதில்லை.

இன்னுமொரு நுட்பமான இடரும் உண்டு. காமன் கிரால் அமைப்பு மூலப் பக்கங்களை வார்க் கோப்புகளிலும், அவற்றிலிருந்து பிரித்தெடுத்த வெற்றுரையை 'வெட்' என்னும் சிறிய கோப்புகளிலும் வழங்குகிறது. படிக்க எளிதென்று கருதி வெட் கோப்புகளைத் தேடுவோர் பலர். ஆனால் வெற்றுரை ஆக்கும்போது எல்லாப் பக்கங்களும் யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றப்படுகின்றன. டிஸ்கிப் பக்கத்தை மேற்கு ஐரோப்பிய மொழிப் பக்கமென்று கருதி மாற்றுகையில் மூலப் பைட்டுகள் உருத்திரிகின்றன. ஆதலின் பழைய தமிழைத் தேடுவோர் மூலப் பைட்டுகள் மாறாதுள்ள வார்க் கோப்புகளையே நாடவேண்டும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தேடுசொல்லை ஒருங்குறியில் மட்டுமன்றி டிஸ்கி, தாம், தாப் ஆகியவற்றிலும் அக்கால இதழ்களின் தனி எழுத்துருக் குறியேற்றங்களிலும் பைட்டுக் கோவைகளாக மாற்றிச் செயற்கூற்றிடம் அளிக்கவேண்டும். மிகச் சிறிய கோவைகள் பிறமொழிப் பக்கங்களிலும் தற்செயலாக அகப்படக்கூடும். ஆகையால் நீண்ட சொற்களையோ, ஒரே பக்கத்தில் வரக்கூடிய இரு மூன்று சொற்களையோ தேர்தல் நன்று. பக்கத்தில் குறிக்கப்பட்டுள்ள எழுத்துருவின் பெயரும் தக்க சான்றாகும். ஒருங்குறியிலும் கொகரம் போன்ற உயிர்மெய்களை இருவகையாக எழுத இயலும் என்பதால், ஒப்பிடுமுன் அவற்றை ஒரே வடிவிற்குக் கொணர்தலும் இன்றியமையாதது.

8. காணாமையும் இல்லாமையும்

தேடலின் முடிவை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கு முன்னர் சில வரையறைகளை உணர்தல் வேண்டும். காமன் கிரால் திரட்டுகள் 2008ஆம் ஆண்டிலிருந்தே உள்ளன. அதற்கு முன்னர் மறைந்த பக்கங்கள் அதில் இரா. 2009 அக்டோபரில் மூடப்பட்ட ஜியோசிட்டீஸ் பக்கங்களை இணைய ஆவணக் காப்பகமும் தன்னார்வலரும் பேரளவில் மீட்டனர். எனினும் இணைய ஆவணக் காப்பகத்தின் மூலக் கோப்புகளை எல்லாரும் மொத்தமாக எடுத்துச் செயற்கூறுகளால் படிக்கும் வசதி இல்லை. முதல் பத்தாண்டுத் தமிழ் இணையத்தைப் பொறுத்தவரை முகவரி அறிந்தார்க்கே கதவு இன்றும் திறக்கிறது.

காமன் கிரால் திரட்டு வலையின் ஒரு மாதிரியே. ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களையும் அது எடுப்பதில்லை. திரட்ட வேண்டாவென்று தளத்தார் குறித்த பக்கங்களை அது விட்டுவிடுகிறது. தமிழ்ப் பக்கங்கள் அத்திரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே ஒரு சொல் கிடைக்கவில்லை என்பதனால் அது எழுதப்படவில்லை என்று முடிவு கூறுதல் பிழையாகும். அவ்வாறே, ஒரே பக்கம் பல திரட்டுகளில் மீண்டும் மீண்டும் வருவதால், எண்ணிக்கை மிகுந்தமை கொண்டு அச்சொல் பெருவழக்கு என்றலும் பிழையே. பதிவில் உள்ள நாள் பக்கம் திரட்டப்பட்ட நாளேயன்றி எழுதப்பட்ட நாள் அன்று. கல்வெட்டைப் படியெடுத்த நாளைக் கல்வெட்டின் காலமாகக் கொள்வார் இல்லை. இங்கும் அவ்விழிப்பு வேண்டும்.

அறநெறியும் கருதத்தக்கது. ஒருவர் இருபதாண்டுகளுக்கு முன்னர் எழுதிப் பின் தாமே நீக்கிய பக்கம் காப்பகத்தில் இருக்கலாம். ஆயிரம் செயற்கூறுகள் இரண்டரை மணி நேரத்தில் அதனைக் கண்டுபிடித்துவிடும். கிடைத்தது என்பதனாலேயே தனிமனிதர் செய்திகளை வெளியிடும் உரிமை ஆய்வாளர்க்கு வந்துவிடுவதில்லை.

9. முடிவுரை

வலைக் காப்பகத் தேடலின் வரலாறு மூன்று நிலைகளை உடையது. முகவரி வழியே ஒரு பக்கத்தைக் கண்டது முதல் நிலை. பெருநிறுவனங்களும் பொறியாளரும் கணினிக் கூட்டங்களைக் கொண்டு முழுத் திரட்டையும் படித்தது இரண்டாம் நிலை. சிறு நிரல் எழுதத் தெரிந்த தனி ஆய்வாளரும் அதனையே செய்ய இயன்றது மூன்றாம் நிலை. ஒவ்வொரு நிலையிலும் ஆய்வாளர் கேட்கக்கூடிய வினாக்களின் எல்லை விரிந்துள்ளது.

ஆயின், மூன்றாம் நிலையின் பயன் தமிழுக்குத் தானே வந்து சேராது. பைட்டுகளைப் படிக்கும் ஆற்றல் செயற்கூற்றுக்கு உண்டு. எப்பைட்டுகள் தமிழ் என்பதை அதற்குச் சொல்லவேண்டியவர்கள் நாம். 1990களில் வழங்கிய எழுத்துருக்களின் குறியேற்ற அட்டவணைகளைத் திரட்டுதல், இந்நாடுகளில் அக்காலத்து இயங்கிய தமிழ்த் தளங்களின் முகவரிகளை இதழ்களிலிருந்தும் மாநாட்டு மலர்களிலிருந்தும் தொகுத்தல், அத்தளங்களை நடத்தியோரிடம் வாய்மொழிச் செய்திகளைப் பதிவுசெய்தல் என்னும் மூன்று பணிகளும் உடனே தொடங்கத்தக்கன. இவற்றுள் முதலாவது மாணவர் ஆய்வேடாக அமையலாம். இரண்டாவதைத் தமிழாசிரியர்கள் தம் கையிலுள்ள பழைய மலர்களைப் புரட்டியே செய்யலாம். மூன்றாவதற்குக் காலம் குறைவு. நா. கோவிந்தசாமி 1999ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர்தம் காலத்தவர் பலர் இன்று முதுமை எய்தியுள்ளனர்.

சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி 2015ஆம் ஆண்டில், 1965 முதல் அந்நாட்டில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் தன்னார்வலரும் தேசிய நூலக வாரியமும் இணைந்து செய்த முயற்சியால் மின்வடிவம் பெற்றன. தாளில் அச்சானவற்றுக்கு அந்நற்பேறு வாய்த்தது. தாளில் ஏறாமல் திரையிலேயே பிறந்த தமிழுக்கும் அத்தகைய கூட்டு முயற்சி வேண்டும். அதற்கான கருவி இன்று குறைந்த விலையில் கிடைக்கிறது. அதனை இயக்குதற்கு வேண்டிய அட்டவணையை ஆக்கும் பொறுப்பு இந்திய ஆய்வியல் துறைகளையும் தமிழாசிரியர்களையும் சார்ந்தது.